சங்குக்கும் கோபால்ட்டுக்கும் ஒரே குழப்பம்: எது வலம், எது இடம்?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்கள் கடலிலிருந்து எடுத்து வரும் சங்கில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போவதும் அதுதான். எப்போதாவது வலம்புரி ஒன்று அகப்பட்டால் அதன் விலையே வேறு. இரண்டும் ஒரே இனம், உயிரியல் பெயர் டர்பினெல்லா பைரம். ஓட்டின் சுண்ணாம்பு ஒன்று, கனம் ஒன்று, வாய்க்குள் ஓடும் மடிப்புகள் ஒன்று. சுருண்டிருக்கும் திசை மட்டும் எதிர். இடம்புரியை எப்படிப் புரட்டிப் போட்டாலும் வலம்புரி ஆகாது. கண்ணாடி முன் பிடித்தால் கண்ணாடிக்குள் தெரிவது மட்டும் வலம்புரி.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் அணைவுச் சேர்மங்கள், அதாவது நடுவில் ஓர் உலோக அயனியும் அதைச் சுற்றிப் பிடித்த மூலக்கூறுகளும் அயனிகளும் கொண்ட சேர்மங்கள், பற்றிய பாடத்தில் ஒளிசுழற்சி மாற்றியம் என்று வருவது இதே சங்கதிதான். மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு படத்தை மனப்பாடம் செய்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். தாண்டிய இடத்தில்தான் ஒரு குழப்பம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மூலக்கூறு எந்தக் கையில் முறுக்கியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதன் வழியே விட்டால் அந்தத் தளத்தை அது எந்தப் பக்கம் திருப்புகிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி, 'வலப்பக்கம் திருப்பினால் வலக்கை அமைப்பு' என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. அது தவறு.

சங்கிலேயே இதற்கு இணையான குழப்பம் இருக்கிறது. உயிரியல் படித்தவர்கள் சங்கின் கூம்பு முனையை மேலே வைத்து, வாயைத் தங்களைப் பார்க்கத் திருப்பிப் பிடிக்கிறார்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள். அந்தக் கணக்கில் நம் கடலின் சாதாரணச் சங்கு வலச்சுருள். நம் வழக்கமோ அதைத் தலைகீழாக, ஒடுங்கிய மூக்கை மேலே வைத்துப் பார்ப்பது. அப்போது அதே சங்கின் வாய் இடப்பக்கம் வந்துவிடும், பெயர் இடம்புரி ஆகிவிடும். ஆக, நாம் வலம்புரி என்று பூஜையில் வைப்பது உயிரியலாருக்கு இடச்சுருள். யாரும் தவறு செய்யவில்லை. பிடித்த விதம் வேறு, அவ்வளவே. பிடிக்கும் விதத்தை மாற்றினால் பெயர்தான் மாறும், சங்கு மாறாது.

(இராமேஸ்வரம் போய் வலம்புரி வாங்க நினைப்பவர்களுக்கு ஓரமாக ஒரு சொல். அமெரிக்கக் கரையில் கிடைக்கும் ஒரு வகைக் கடல் நத்தை ஓடு இயற்கையிலேயே இடச்சுருள். அதை வலம்புரி என்று விற்பது உண்டு. உண்மையான சங்கின் வாய்க்குள் விரலை விட்டால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தட்டுப்படும். அந்த அமெரிக்க ஓட்டில் அவை இருக்காது.)

சரி, எண்முகி என்ற அணைவு வடிவத்துக்கு வருவோம். நடுவில் ஓர் உலோக அயனி, சுற்றிலும் ஆறு இடங்கள். மேல் இடத்துக்கு 1 என்றும், நடுச் சதுரத்தின் நான்கு மூலைகளுக்கு வரிசையாக 2, 3, 4, 5 என்றும், கீழ் இடத்துக்கு 6 என்றும் எண் கொடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் இடங்கள் மூன்று ஜோடி: 1-6, 2-4, 3-5. மற்ற எந்த இரண்டும் அடுத்தடுத்தவை.

உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறையோ அயனியையோ ஈனி என்பார்கள். எத்திலீன்டைஅமீன் என்பது இரண்டு நைட்ரஜன்களால் உலோகத்தைப் பிடிக்கும் ஈனி. அதன் நடுவில் இருப்பது இரண்டே கார்பன்கள். அந்த நீளத்துக்கு அடுத்தடுத்த இரண்டு இடங்களைத்தான் பிடிக்க முடியும். எதிரெதிர் இடங்களுக்கு எட்டாது. இப்போது இரண்டு எத்திலீன்டைஅமீனும் இரண்டு குளோரைடும் உள்ள கோபால்ட் அணைவை எடுப்போம். குளோரைடுகளை 1, 2 என்ற அடுத்தடுத்த இடங்களில் வையுங்கள். இது சிஸ் வடிவம். மிச்சம் 3, 4, 5, 6. இவற்றில் 3-5 எதிரெதிர் என்பதால் இணைக்க முடியாது. எனவே இரண்டே வழி: ஒன்று 3-4, 5-6, மற்றது 4-5, 3-6. மூன்றாவது வழி கிடையாது. 1, 2, 4, 6 வழியாகப் போகும் தளத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் 3-உம் 5-உம் இடம் மாறும். முதல் வழி அப்படியே இரண்டாவது வழி ஆகிவிடும். அப்படியென்றால் இவை ஒன்றுக்கொன்று ஆடிபிம்பங்கள். சுழற்றிப் பார்த்து ஒன்றை மற்றதாக்க முடியுமா? குளோரைடுகள் 1, 2 என்ற இடங்களிலேயே இருக்க வேண்டும் என்றால் ஒரே ஒரு சுழற்சிக்குத்தான் இடம் உண்டு. அது 1-ஐயும் 2-ஐயும் மாற்றும், 3-ஐயும் 5-ஐயும் மாற்றும், 4-ஐயும் 6-ஐயும் மாற்றும். அதைச் செய்தால் 3-4, 5-6 என்பது 5-6, 3-4 ஆகும். பழையதே திரும்ப வந்து நிற்கிறது. ஆகவே இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

டிரான்ஸ் வடிவத்தில் குளோரைடுகள் 1, 6 இடங்களில். எத்திலீன்டைஅமீன்கள் 2-3, 4-5 என்றோ 3-4, 5-2 என்றோ இருக்கலாம். கால் வட்டம் சுழற்றினால் ஒன்று மற்றதாகிவிடும். அங்கே கையும் இல்லை, ஒளிசுழற்றலும் இல்லை. தேர்வுக்குப் படமாக மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஆறு எண்களை ஒரு தாளில் எழுதி ஒருமுறை செய்து பார்த்தால் மறக்கவே மறக்காது.

பொது விதி ஒன்று உண்டு: மூலக்கூறில் சீர்மைத் தளமோ சீர்மை மையமோ இருந்தால் அதற்குக் கை கிடையாது. முழுமையாகச் சொன்னால் சுழற்றிப் பிரதிபலிக்கும் எந்தச் சீர்மையும் இருக்கக் கூடாது. எண்முகிகளில் பெரும்பாலும் முதல் இரண்டைப் பார்த்தாலே போதும். மூன்று எத்திலீன்டைஅமீன் பிடித்த கோபால்ட் அயனி, மூன்று ஆக்சலேட் பிடித்த குரோமியம் அயனி எல்லாம் கை உள்ள வகை. ஆறு இடத்திலும் ஆறு வேறு ஈனிகள் இருந்தால் வடிவ மாற்றியங்கள் 15, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆடிபிம்பம், மொத்தம் 30. அது காகிதக் கணக்கு, அதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொரு உதாரணம் நம் மாவட்டத்துக்கு நெருக்கமானது. கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கடினத்தன்மையை அளக்க ஈடிடிஏ என்ற ஈனியின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி சேர்த்த தண்ணீர் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாகும் இடம்தான் முடிவு. அந்த ஈடிடிஏ ஒரே மூலக்கூறாக ஆறு இடங்களையும் பிடிக்க வல்லது. கோபால்ட்டை அப்படி ஆறு கையாலும் பிடிக்கும்போது கிடைக்கும் எண்முகிக்கும் வலம், இடம் உண்டு. கிணற்றுத் தண்ணீரின் கால்சியத்தில் இந்தக் கதை அப்படியே நடக்காது. கால்சியம் பெரிய அயனி, ஆறு பிடியோடு நிற்பதில்லை, தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளும். ஈனிகளை நொடியில் மாற்றிக்கொண்டும் இருக்கும்.

இந்தக் கை சமாசாரம் வேதியியலில் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்றால், எண்முகி என்ற வடிவமே அதை வைத்துத்தான் நிரூபிக்கப்பட்டது. ஆல்ஃபிரட் வெர்னர் 1893-இல் தன் கொள்கையை வெளியிட்டபோது எக்ஸ்-கதிர் கொண்டு படிகத்தின் உள்ளே பார்க்கும் வழி கிடையாது. உலோகத்தைச் சுற்றி ஆறு ஈனிகள் என்றால் அவை தட்டையான அறுகோணமாக இருக்கலாம், முக்கோணப் பட்டகமாக இருக்கலாம், எண்முகியாக இருக்கலாம். வெர்னர் மாற்றியங்களை எண்ணினார். நான்கு அமோனியாவும் இரண்டு குளோரைடும் என்றால் அறுகோணத்தில் மூன்று வகை வர வேண்டும், பட்டகத்திலும் மூன்று, எண்முகியில் இரண்டு. கிடைத்தது இரண்டுதான். ஆனால் மூன்றாவது கிடைக்கவில்லை என்பது, மூன்றாவது இல்லை என்பதற்குச் சான்றாகாது. யாராவது நாளைக்கே அதைத் தயாரித்துக் கொண்டுவந்து நிறுத்தலாம். டென்மார்க்கின் யோர்கன்சன் போன்ற கைதேர்ந்த ஆய்வாளர்கள் எதிர்க் கொள்கையோடு இருந்த காலம் அது.

கை இருந்தால் கதை வேறு. எத்திலீன்டைஅமீன் போல ஆளுக்கு இரண்டு இடம் பிடிக்கும் கொடுக்கிணைப்பு ஈனிகள் மூன்று உள்ள சேர்மம் எண்முகியாக இருந்தால் இரண்டு ஆடிபிம்ப வடிவங்கள் இருந்தே தீர வேண்டும். தட்டை அறுகோணத்தில் அது நடக்காது; பட்டகத்தின் விளிம்புகளில் அந்த மூன்று ஈனிகளை எப்படி வைத்தாலும் சீர்மைத் தளம் ஒன்று மிஞ்சும். ஆகவே பிரித்துக் காட்டினால் போதும். பிரிப்பதுதான் பாடு. சூரிச்சில் வெர்னரிடம் படித்த அமெரிக்க மாணவர் விக்டர் கிங், இரண்டு எத்திலீன்டைஅமீனும் ஓர் அமோனியாவும் ஒரு குளோரைடும் உள்ள கோபால்ட் சேர்மத்தோடு மல்லுக்கட்டினார். சுமார் 2000 படிகமாக்கல்கள் செய்து பார்த்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1911-இல் பலித்தது. இரண்டு வருடம் கழித்து வெர்னருக்கு நோபல் பரிசு.

அப்போதும் வாய் மூடாதவர்கள் இருந்தார்கள். எத்திலீன்டைஅமீனில் கார்பன் இருக்கிறதே, ஒளிசுழற்றல் அதனால் வந்திருக்கும் என்றார்கள். தனியாக எத்திலீன்டைஅமீன் ஒளியைச் சுழற்றாது என்பது எல்லோருக்கும் தெரிந்தும், கார்பன் இல்லாமல் ஒளிசுழற்றலே கிடையாது என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறியிருந்தது. 1914-இல் வெர்னர் ஹெக்சால் என்ற உப்பைப் பிரித்தார். நான்கு கோபால்ட், ஆறு ஹைட்ராக்சைடு, பன்னிரண்டு அமோனியா கொண்ட அயனி அது. நடுக் கோபால்ட்டை மற்ற மூன்று கோபால்ட்டுகளும் ஆளுக்கு இரண்டு ஹைட்ராக்சைடால் பிடித்திருக்கும். அந்த அயனியில் ஒரு கார்பன்கூட இல்லை. இருந்தும் ஒளியைத் திருப்பியது. அதற்குப் பிறகு அந்த வாதத்தை யாரும் எடுக்கவில்லை.

பிரிப்பது எப்படி? வலக்கை அயனிக்கும் இடக்கை அயனிக்கும் கரைதிறன் ஒன்று, உருகுநிலை ஒன்று, நிறம் ஒன்று. சாதாரண வழியில் பிரியாது. ஏற்கனவே ஒரே கையில் இருக்கும் இன்னொரு பொருளோடு உப்பாக்க வேண்டும். அப்போது வலம்-வலம், இடம்-வலம் என்று இரண்டு உப்பு கிடைக்கும். இவை ஒன்றுக்கொன்று ஆடிபிம்பங்கள் அல்ல, கரைதிறன் வேறுபடும், ஒன்று முதலில் படிகமாகும். ஒரே கைப் பொருளுக்கு எங்கே போவது? உயிர்களிடம்தான். கிங் கடைசியில் பயன்படுத்தியது புரோமோகற்பூர சல்போனேட், அதாவது கற்பூர மரத்தின் கற்பூரத்திலிருந்து வந்தது. இன்று கோயில் வாசலில் விற்கும் கற்பூரம் பெரும்பாலும் டர்பென்டைனிலிருந்து செயற்கையாகச் செய்வது, வலமும் இடமும் சரிபாதி கலந்த சுழிமாய்க் கலவை. அதைக் கொண்டு இந்த வேலை நடக்காது. மூன்று எத்திலீன்டைஅமீன் கோபால்ட்டைப் பிரிக்க டார்டாரிக் அமிலம் போதும். மீன் குழம்பில் கரைத்து ஊற்றும் புளியின் புளிப்பு அதே அமிலம்தான், அதுவும் ஒரே கை.

ஆய்வகத்தில் இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. கோபால்ட் உப்பையும் எத்திலீன்டைஅமீனையும் காற்றில் ஆக்சிஜனேற்றம் செய்யும்போது கிளர்வூட்டிய கரித்தூள் சேர்ப்பது வழக்கம், வினை சுலபமாக நடக்கும். ஆனால் பிரிக்கத் தொடங்குமுன் கரியைச் சுத்தமாக வடிகட்டிவிட வேண்டும். வலக்கையையும் இடக்கையையும் மறுபடி கலந்துவிடும் வேலையையும் அதே கரிதான் செய்கிறது. வடிகட்டிய ஆரஞ்சு நிறக் கரைசலில் டார்ட்ரேட் சேர்த்தால் ஒரு கை குளோரைடு டார்ட்ரேட்டாகப் படிகமாகி இறங்கும். அதைக் கரைத்து சோடியம் அயோடைடு போட்டால் அயோடைடாக வீழ்ப்படியும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் அதன் சுழற்சி எண் சுமார் +89. தாய்க்கரைசலில் மிஞ்சியதைச் சுத்தம் செய்தால் −89.

இப்போது முதலில் சொன்ன குழப்பத்துக்கு வருகிறோம். +89 என்றால் என்ன? ஒளியின் தளம் வலப்பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். அந்த அயனி எந்தக் கையில் முறுக்கியிருக்கிறது? ஒளி திரும்புவதை அளக்கும் போலாரிமீட்டர் அதைச் சொல்லாது. 1912-இல் இந்த அயனியைப் பிரித்த வெர்னருக்கும் அது தெரியாது. படிகத்தின் எக்ஸ்-கதிர் சிதறலைக் கொண்டு உண்மையான கையைக் கண்டறியும் முறை 1951-இல்தான் வந்தது, டச்சுக்காரர் பைஃபூட் டார்டாரிக் அமில உப்பில் செய்து காட்டினார். 1955-இல் ஜப்பானின் சைட்டோவும் அவருடன் வேலை செய்தவர்களும் அதே முறையில் இந்தக் கோபால்ட் அயனியைப் பார்த்தார்கள். ஒளியை வலப்பக்கம் திருப்பும் அயனியின் முறுக்கு இடப்பக்கம்.

முறுக்கை எப்படிச் சொல்வது என்பதற்கு வேதியியலில் தெளிவான வழக்கம் இருக்கிறது. மூன்று மடிச் சீர்மை அச்சின் வழியே பாருங்கள். மூன்று ஈனிகளும் சாய்வாகக் கண்ணை விட்டு விலகிப் போகும். விலகிப் போகும்போது கடிகாரத் திசையில் திரும்பினால் டெல்டா, அதாவது வலமுறுக்கு; எதிர்த்திசையில் திரும்பினால் லேம்டா, அதாவது இடமுறுக்கு. அச்சின் எந்த முனையிலிருந்து பார்த்தாலும் விடை ஒன்றுதான். அதனால் 'மேலே எதை வைத்துப் பார்ப்பது' என்ற சங்குச் சண்டை இங்கே வராது. இதே விதியைச் சங்கின் சுருளில் வைத்துப் பார்த்தால், சாதாரண இடம்புரி டெல்டா. விலை மதிப்புள்ள வலம்புரி லேம்டா. ஒளியை வலம் திருப்பும் கோபால்ட்டும் லேம்டா. வலம் என்று பெயர் வாங்கிய இரண்டுமே இடமுறுக்கு!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோபால்ட் அணைவுகள் நிறமுள்ளவை. அவை ஒளியை உறிஞ்சும் அலைநீளத்தை ஒட்டிச் சுழற்சி கடுமையாக ஏறும், இறங்கும், குறியே மாறும். பிரெஞ்சு இயற்பியலர் எமே காட்டன் 1895-இல் கண்ட விளைவு இது. அதே கரைசல் மஞ்சள் ஒளியில் கூட்டல் காட்டிவிட்டு நீல ஒளியில் கழித்தல் காட்டலாம். மூலக்கூறு மாறவில்லை, விளக்குதான் மாறியது. ஆகவே 'கூட்டல்' என்று மட்டும் எழுதினால் பாதி செய்திதான். எந்த அலைநீளத்தில் என்றும் சேர்த்து எழுத வேண்டும், சோடியம் விளக்கு என்றால் 589 நானோமீட்டர். முறுக்கை டெல்டா, லேம்டா என்று தனியாக எழுத வேண்டும். கேள்வித்தாளில் படத்தைக் கொடுத்துவிட்டு 'இது வலஞ்சுழியா இடஞ்சுழியா' என்று கேட்டால், படத்திலிருந்து அதற்கு நேர் விடை கிடையாது. கேட்க வேண்டியது டெல்டாவா லேம்டாவா என்பது.

வெர்னர் ஏன் கோபால்ட்டையே பிடித்துக்கொண்டிருந்தார்? நிக்கலும் தாமிரமும் கிடைக்காமல் இல்லை. மூன்று நேர்மின் சுமை கொண்ட கோபால்ட் தன் ஈனிகளை லேசில் விடாது. ஆறு டி எலக்ட்ரான்களும் இணைசேர்ந்து, ஈனிகளுக்கு நடுவே போகும் திசைகளில் நிரம்பியிருப்பதால் பிணைப்பு அசையாமல் நிற்கும். மூன்று சுமை குரோமியம், ரோடியம், இரிடியம், இரண்டு சுமை ருத்தேனியம் எல்லாம் இந்தப் பொறுமைசாலிகள் கூட்டம். இரண்டு சுமைக் கோபால்ட் அப்படியல்ல. நாம் பிரித்து முடிக்குமுன் வலமும் இடமும் கலந்துவிடும். பொறுமைசாலிகளிலும் தரம் உண்டு. மூன்று ஆக்சலேட் பிடித்த குரோமியத்தைப் பிரிக்கலாம், ஆனால் தண்ணீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்சியை இழந்துகொண்டே வரும்.

ஈனி எதையும் கைவிடாமலே கை மாறுவதும் உண்டு. எண்முகியின் ஒரு முக்கோண முகத்தை எதிர் முகத்துக்கு மேல் மெல்லத் திருகினால், நடுவழியில் இரண்டு முக்கோணங்களும் நேருக்கு நேர் வந்து பட்டகம் ஆகும். இன்னும் திருகினால் எதிர்க் கை எண்முகி. அமெரிக்கர் பெய்லர் சொன்னது இந்தத் திருகல். அதற்கு முன்பே, 1943-இல், கல்கத்தாவில் பிரியதாரஞ்சன் ராயும் தத்தும் வேறொரு திசையில் திருகும் வழியை எழுதியிருந்தார்கள். அதன் நடுவழியும் பட்டகம்தான். நிலையான வடிவம் இல்லை என்று வெர்னர் தள்ளிவைத்த முக்கோணப் பட்டகம், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் வழியில் ஒரு கணம் வந்து போகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இது, பாடப்புத்தகத்தில் இடம்பெறாததும் இதுதான்.

உலோகம் பொறுமையில்லாததாக இருந்தாலும் ஈனிக்கே ஒரு கை இருந்தால் அது உலோகத்தையும் அதே வழிக்குக் கொண்டுவந்துவிடும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் இரும்பைப் பிடிக்க என்டரோபாக்டின் என்ற மூலக்கூறை வெளியே விடுகின்றன. மூன்று கொடுக்குகள் உள்ள இந்த மூலக்கூறு எல்-செரின் என்ற ஒரே கை அமினோ அமிலத்தால் ஆனது. அது பிடிக்கும் இரும்பைச் சுற்றி அமைவது டெல்டா முறுக்கு. டி-செரினை வைத்து அதன் ஆடிபிம்பத்தை ஆய்வகத்தில் செய்தார்கள். அதுவும் இரும்பை அதே இறுக்கத்தோடு பிடிக்கிறது, ஆனால் லேம்டாவாக. அந்த இரும்பைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது ஈ.கோலை வளரவில்லை.